"குடிக்கக் கூடாது" என்றதும் தண்ணீர்ப் போத்தலை மூடி வைத்த பிள்ளை

போத்தலைத் திறந்து வாயில் வைக்கப் போனவன் அப்படியே நிறுத்தினான். மூடியைத் திருகி மூடினான். என் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, "டீச்சர் குடிக்கக் கூடாது எண்டு சொன்னவ" என்றான்.

உள்ளே இருந்தது வெறும் பச்சைத் தண்ணீர். திருகோணமலை வெயில், பகல் பதினொரு மணி, பிள்ளைக்கு நல்ல தாகம். பிழை அவனுடையதல்ல. முதல் பாடவேளையில் சுவரில் ஒரு படத்தை ஒட்டி வைத்து, "குடிக்கக் கூடாது, குடித்தால் வருத்தம் வரும்" என்று மூன்று தரம் சொன்னது நான்தான். எதைக் குடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊரில் மது என்று பெயர் சொல்லத் தேவையில்லை, எல்லாருக்கும் விளங்கும். அவனுக்கு விளங்கவில்லை.

நான் ஒரு பாடசாலையின் விசேட கல்வி அலகில் படிப்பிக்கிறேன். பன்னிரண்டு முதல் பதினேழு வயது வரையான பிள்ளைகள். டவுன் சின்ட்ரோம், ஓட்டிசம், மூளை முடக்குவாதம், இன்னது என்று யாரும் பெயர் சொல்லாத கற்றல் குறைபாடு, எல்லாம் ஒரே வகுப்பில். இவர்களுக்கு மதுவையும் புகையிலையையும் பற்றிப் பாடம் எடுக்கத் தொடங்கிய பிறகுதான், நாங்கள் இந்த விஷயத்தை எவ்வளவு மறைத்துக் கதைக்கிறோம் என்பது எனக்கே உறைத்தது. "தண்ணி போட்டிட்டார்" என்போம். "அவர் கொஞ்சம் பாவிக்கிறவர்" என்போம். சுவரொட்டியில் "மது" என்று இருக்கும். என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு மது என்றால் பக்கத்து வீட்டு மது அக்கா. "மது கூடாது" என்று வாசித்துக் காட்டியதும், "அக்கா என்ன செய்தவ டீச்சர்?" என்று கேட்டாள். இன்னொருவன், பியர் கூடாது என்று படித்த கிழமையே ஒரு பிறந்தநாள் வீட்டில் ஜிஞ்சர் பியரை, வெறும் இஞ்சிச் சோடாவை, கண்டு அழுது ஊரைக் கூட்டிவிட்டான். சிரிப்பதா ஏசுவதா என்று தெரியாமல் தாய் எனக்கு போன் எடுத்தா.

அதனால் இப்போது சொற்களை விட்டுவிட்டுப் பொருட்களைக் கொண்டு போகிறேன். கழுவிக் காயவைத்த வெற்றுப் போத்தல்கள், சிகரெட் பெட்டி, பீடிக்கட்டின் தாள், சுருட்டைச் சுற்றிவந்த கடதாசி. சோடாப் போத்தலும் தண்ணீர்ப் போத்தலும் அவற்றோடு கலந்திருக்கும். இரண்டு கூடை வைப்போம், பிள்ளைகள் பிரித்துப் போடுவார்கள். ஜிஞ்சர் பியர் போத்தல் எந்தக் கூடைக்கு என்று ஒவ்வொரு முறையும் பெரிய வழக்கு நடக்கும், நடக்கட்டும்.

இனிப் போன மே 31. உலகப் புகையிலை எதிர்ப்பு தினத்துக்கு மண்டபத்தில் ஒரு சுகாதாரப் பேச்சு வைத்தார்கள். என் பிள்ளைகளையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நின்றவர், "உங்கட பிள்ளையளுக்கு இது தேவைப்படாது டீச்சர், சத்தம் போடுவினம், வகுப்பிலயே விடுங்கோ" என்றார். கெட்ட மனிதரல்ல. மற்ற நாட்களில் இந்தப் பிள்ளைகளுக்கு டொபி வாங்கிக் கொடுப்பவர்தான். ஆனால் "தேவைப்படாது" என்ற அந்தச் சொல் இன்னும் மனதில் கிடந்து அரிக்கிறது.

யாருக்குத் தேவைப்படாது? அந்த வரிசையில் நின்ற ஒருவனைக் கலியாண வீடு ஒன்றில் மாமாமார் நடுவில் இருத்தி, சோடா என்று சொல்லிப் பியர் பருக்கி, ஆட விட்டுப் பகிடி பார்த்திருக்கிறார்கள். போனில் வீடியோ வேறு. அவனுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் கோளாறு ஏதாவது இருக்கும், ஆட வைத்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது. இன்னொருவனைப் பெரிய பெடியன்கள் பின்னேரங்களில் சிகரெட் வாங்க அனுப்புகிறார்கள். மிச்சக் காசைச் சரியாகக் கொண்டுவந்து கொடுப்பான், ஒருவருக்கும் சொல்லமாட்டான், அதனால்தான் அவனைப் பிடித்திருக்கிறார்கள். புகையிலை, மது பற்றிய இலங்கையின் 2006 ஆம் ஆண்டு 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்த ஒருவருக்குச் சிகரெட்டும் விற்க முடியாது, மதுவும் விற்க முடியாது. கடைக்காரருக்கு இது நன்றாகவே தெரியும். "அது பாவம், அதுக்கு என்ன தெரியும்" என்பதுதான் அவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சமாதானம்.

2015 முதல் சிகரெட் பெட்டியின் 80 சதவீதப் பரப்பில் படத்தோடு எச்சரிக்கை போட வேண்டும். வாசிக்கத் தெரியாத என் பிள்ளைகளுக்கு அது நல்ல பாடப் புத்தகம். ஆனால் இவன் வாங்கி வருவது பெட்டி அல்லவே. ஒன்று, இரண்டு என்று தனித்தனியாக வாங்கிக் கையில் பொத்திக்கொண்டு வருவான். அந்தப் படம் அவன் கண்ணில் படுவதே இல்லை.

மாவா, பாபுல் என்ற மெல்லும் புகையிலைகளின் கதை இன்னொன்று. நிறமும் வாசனையும் இனிப்பும் சேர்த்த புகையிலைக் கலவைகளை 2016 இலேயே தடை செய்துவிட்டார்கள், ஆனாலும் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. இனிப்பதால் பிள்ளைக்கு அது மிட்டாய். புகையிலை சேராத வெறும் பாக்கே புற்றுநோய் தரக்கூடியது என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் சொன்னபோது, வெற்றிலை போட்டிருந்த ஒரு அம்மம்மா என்னை முறைத்த முறைப்பை மறக்க மாட்டேன்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பில் ஒரு கலியாண வீடு போட்டோம். பிளாஸ்டிக் கதிரை, கடதாசிக் கப், போனில் நாதஸ்வரம். சக ஆசிரியர் ஒருவர் மாமா வேடத்தில் வந்து, "இந்தா மருமகன், குடி" என்று நீட்டுவார். பிள்ளை "வேண்டாம்" என்று சொல்லி, கையைக் காட்டி, எழுந்து அம்மாவிடம் போக வேண்டும். முதல் நாள் ஒன்பது பேர். ஒன்பது பேரும் இரண்டு கையாலும் கப்பை வாங்கி, "தாங்ஸ் மாமா" என்றார்கள்.

வேறென்ன சொல்வார்கள்? பெரியவர் தந்தால் வாங்கு, இரண்டு கையாலும் வாங்கு, நன்றி சொல், அடம் பிடிக்காதே. ஐந்து வயதிலிருந்து நாங்கள் பழக்கியது அதைத்தான். "சொல்வழி கேட்கிற பிள்ளை" என்று தேர்ச்சி அறிக்கையில் நானே எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன். அம்மாமாரும் அதைத்தான் பெருமையாகச் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லப் பழக்கிய பிள்ளையைத்தான் அந்தப் பெடியன்களும் தேடுகிறார்கள், அந்த மாமாமாரும் தேடுகிறார்கள். கறுத்த நுரையீரல் படத்தை நூறு தரம் காட்டினாலும், "வேண்டாம்" என்ற சொல்லை வீட்டில் ஒரு நாளாவது சொல்ல விடாத பிள்ளைக்கு அது கலியாண வீட்டில் எங்கிருந்து வரும்? அதனால் இப்போது சின்னச் சின்ன விஷயத்தில் பழக்குகிறோம். கத்தரிக்காய் வேண்டாமா, வேண்டாம் என்று சொல். இந்தக் கதிரை வேண்டாமா, சொல். சில பெற்றோருக்கு இது பிடிக்கவில்லை. "பிள்ளை வாய் காட்டப் பழகுது டீச்சர்" என்கிறார்கள். ஓம், பழகத்தான் வேண்டும்.

பேச்சு வராத ஒரு பிள்ளை இருக்கிறாள். "வேண்டாம்" என்று ஒரு படஅட்டை செய்து கொடுத்தேன். அவள் அட்டையைத் திரும்பியும் பார்க்கவில்லை. நீட்டிய கப்பை வாங்கி, நிதானமாகக் கவிழ்த்து ஊற்றினாள், என் சேலையில். இப்போது வகுப்பே அப்படித்தான் செய்கிறது. நான் தடுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளில் பலர் வலிப்புக்குக் குளிசை எடுப்பவர்கள். வல்ப்ரோவேட், கார்பமசெபீன் போன்றவை. அவற்றோடு மது சேர்ந்தால் மயக்கமும் தூக்கமும் கூடும், வலிப்பு வரவும் வழி திறக்கும். "இன்டைக்குக் கொஞ்சம் குடிச்சிட்டான், குளிசையை விடுவம்" என்று யாராவது நிறுத்தினால் அது அதைவிட மோசம். ஒரு மாணவன் கேட்டான், "எனக்கு 21 வந்தா குடிக்கலாமா டீச்சர்?" நியாயமான கேள்வி. அவனும் ஒரு நாள் வளர்ந்த ஆள்தான், என்றைக்கும் குழந்தை என்று வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. "சட்டம் விடும், உன்ர குளிசை விடாது" என்றேன். யோசித்துவிட்டு, "அப்ப சோடா" என்றான்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. மற்றவர்களுக்கு உள்ள பொதுச் சுகாதாரத் திட்டங்கள் அதே தரத்தில் இவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று அதன் 25 ஆம் பிரிவு சொல்கிறது. அடுத்த மே 31 அன்று மண்டப வாசலில் யாராவது மறித்தால் சொல்வதற்காக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். ஒக்டோபர் 3, மது ஒழிப்பு தினத்தில் நாடு முழுக்க மதுக்கடைகளைப் பூட்டுகிறோம், முதல் நாள் பின்னேரமே வரிசையில் நின்று வாங்கி வைத்துக்கொள்கிறோம். அந்த ஒரு நாளின் செலவில் கொஞ்சத்தைப் படஅட்டை அச்சடிக்கத் தந்தால் போதும்.

வாற வெள்ளிக்கிழமை இரண்டாவது கலியாண வீடு. இந்த முறை மாமா வேடத்துக்கு அந்த வீடியோ எடுத்த உண்மையான மாமாவையே கேட்டிருக்கிறேன். ஓட்டோவை நிறுத்தாமலே, என் முகத்தைப் பார்க்காமல், "வாறன் டீச்சர்" என்றார். கப்பில் என்ன ஊற்றுவது என்று இன்னும் முடிவாகவில்லை. பழைய சேலைதான் கட்டிக்கொண்டு போகவேண்டும்.