மேடை பயத்துக்கு ‘யாரும் போடலாம்’ மாத்திரையா? உண்மை விளக்கம்

“மேடையில் பேசப் பயமா? ஒரு மணி நேரம் முன்பு ஒரு ப்ரோப்ரனலால் மாத்திரை போடுங்கள். பயம் பறந்துவிடும். பக்கவிளைவு கிடையாது, யாரும் போடலாம்” என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆபத்து, ‘யாரும் போடலாம்’ என்பதில்தான்.

ப்ரோப்ரனலால் 1960-களில் ஜேம்ஸ் பிளாக் என்ற விஞ்ஞானி உருவாக்கிய இதய மருந்து. பயத்தில் உடலில் சுரக்கும் அட்ரினலின் இதயத்தை விரட்டுவதை இது தடுப்பதால் படபடப்பும் கைநடுக்கமும் குறையும். சிலருக்கு மருத்துவர்களே எழுதித் தருகிறார்கள். ஆனால் ‘உளறிவிடுவோமோ’ என்ற நினைப்பை இது போக்காது.

ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ரத்த அழுத்தமோ நாடித்துடிப்போ ஏற்கெனவே குறைவாக இருந்தால் மயக்கம் வரலாம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல்: சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பு என்ற எச்சரிக்கையையே இது மறைத்துவிடும். மிச்சமிருக்கும் அறிகுறி வியர்வை. மேடையில் வியர்த்தால் யார் சர்க்கரையை நினைக்கப் போகிறார்கள்?

மாத்திரையோடு வரும் தகவல் தாளிலும், பிரிட்டனின் பொது சுகாதார சேவையான என்ஹெச்எஸ் இணையதளத்திலும் இவற்றைப் பார்க்கலாம். மருந்தாளுநரிடமும் கேட்கலாம்.

சரி, பயத்துக்கு என்ன வழி? சிறு கூட்டத்தில் தொடங்கிப் படிப்படியாகப் பேசிப் பழகுவது பலருக்கு உதவுகிறது. வேலையையோ படிப்பையோ முடக்கும் அளவுக்குப் பயம் இருந்தால், பயத்தை வளர்க்கும் நினைப்பையும் பழக்கத்தையும் பேசிப் பயிற்சியால் மாற்றும் ‘அறிவாற்றல் நடத்தை சிகிச்சை’ நன்கு ஆராயப்பட்ட வழி.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து ஃபார்வர்ட் செய்யாதீர்கள். உங்கள் குழுவில் யாருக்கு ஆஸ்துமா என்று உங்களுக்குத் தெரியாது.