முதல் ஐஸ்கிரீம் கோன் எது?
"அமெரிக்காவின் நார்ஃபோக் நகரில் டூமர்ஸ் கடை நடத்தும் குடும்பம்தான் 1904இல் கோனைக் கண்டுபிடித்தது" என்று சொல்லப்படுவது சரியல்ல. 1888இலேயே லண்டனின் ஆக்னஸ் மார்ஷல் தன் சமையல் நூலில் பாதாம் பொடி, மாவு, சர்க்கரை, முட்டை சேர்த்துச் சுட்டு, ஐஸ்கிரீம் நிரப்பும் கூம்புக்குச் செய்முறை கொடுத்துவிட்டார். நியூயார்க்கில் ஐஸ்கிரீம் விற்ற இத்தாலோ மார்க்கியோனி 1903 டிசம்பரில் காப்புரிமை பெற்றார். ஆனால் அது தட்டையான அடியுள்ள கிண்ணம் வார்க்கும் அச்சு. சுருட்டிய கோன் அல்ல. இதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் வேஃபரை, அதாவது மெல்லிய மொறுமொறுப்பான பிஸ்கட்டை, கோனாகச் சுருட்டியதாக உரிமை கோரியவர்கள் பலர். டமாஸ்கஸிலிருந்து வந்த ஏப் டூமர் அவர்களில் ஒருவர், அவ்வளவுதான்.

டூமர் குடும்பத்தின் உண்மையான பெருமை வேறு. ஏப் செய்வித்த நான்கு இரும்புத் தட்டு இயந்திரத்தில் வேஃபரைச் சுட்டு, இன்றும் கையால் கோன் சுருட்டுகிறார்கள். வேஃபரை எடுத்த சில நொடிகளில் சுருட்டியாக வேண்டும்; ஆறினால் சர்க்கரை இறுகி உடைந்துவிடும். நுனி சரியாக மூடாவிட்டால் ஐஸ்கிரீம் ஒழுகும்.