ஆங்கிலத்தில் வாரம் தொடங்குவது ஞாயிறா, திங்களா?

மாட்டுங்காவில் எங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது: ‘ஆங்கிலத்தில் வாரத்தின் முதல் நாள் திங்கள்தான்; ஞாயிறில் தொடங்கும் காலண்டர் தவறு.’

இது சரியல்ல. 1988-இல் வந்த ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரம் திங்களை முதல் நாளாக வைப்பது உண்மை. ஆனால் அது தேதி, நேரம் எழுதுவதற்கான தரம். ஆங்கில மொழியின் விதி அல்ல. அமெரிக்கக் காலண்டர்கள் பெரும்பாலும் ஞாயிறில் தொடங்குகின்றன, பிரிட்டனில் இன்று திங்களே அதிகம். இரு நாட்டாரும் பேசுவது ஆங்கிலம்தானே! யூத, கிறிஸ்தவ மரபிலும் ஞாயிறே முதல் நாள்.

‘வீக்எண்ட்’டில் ஞாயிறு அடங்குகிறதே என்று கேட்கிறார்கள். அது வேலை வாரத்தின் முடிவைத்தான் சொல்கிறது.

வாரத்தின் முதல் நாள் ‘சண்டே’ என்று எழுதிய பிள்ளைக்குத் தயவுசெய்து தப்புப் போடாதீர்கள்.