ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வது பதிலா?

நெட் வரலைன்னு கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால் எப்பவும் அதே பாட்டு: "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." எந்த விளக்கு எரியுதுன்னு முதலில் கேட்கக் கூடாதா? எல்ஓஎஸ் (LOS, அதாவது சிக்னல் இல்லை) என்ற விளக்கு சிவப்பில் மின்னினால், நெட்டைக் கொண்டு வரும் கண்ணாடி இழை வயரான ஃபைபரில் ஒளியே வரலை. நூறு தடவை ஆன் பண்ணினாலும் வராது. அலமாரிக் கதவிடுக்கில் வயர் மடங்கியிருக்கான்னு பாருங்க. இல்லையென்றால் வெளியே எங்கோ அறுந்திருக்கு, ஆள் வந்துதான் ஒட்டணும்.

விளக்கெல்லாம் பச்சை, ஆனாலும் வைஃபை ஊர்கிறதா? பெங்களூரில் அல்சூர், விவேக் நகர் பக்கம் சுவரோடு சுவராக வீடுகள். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (சிக்னல் போகும் பாதைகள்) 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அதை மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு எல்லாரும் பங்கு போட்டுக்கணும். இதில் ரவுட்டர் மாட்ட வர்றவங்க செட்டிங்கில் சேனல் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸில் விட்டுட்டுப் போறாங்களே, அதுதான் வயிற்றெரிச்சல்! பாதி வழியை ஒரே வீடு அடைச்சுக்கும். 20-க்கு இறக்குங்க. டிவி, லேப்டாப்பை வைஃபையின் இன்னொரு அலைவரிசையான 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க. அதுக்குச் சுவர் தாண்டும் பலம் குறைவு, அதனால் ரவுட்டர் ஹாலில், தலை உயரத்தில், திறந்தபடி இருக்கட்டும். பீரோவுக்குப் பின்னால் வைக்கவே வைக்காதீங்க.

200 எம்பிபிஎஸ் வேக பிளானில், ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு லேன் வயர் போட்டும் வேகம் 95 தாண்டலையா? வயருக்குள் 4 ஜோடிக் கம்பி. ஒரு ஜோடி போனாலே ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) இணைப்பு 100-க்கு விழுந்துடும். ரவுட்டரைக் குறை சொல்லாமல் முதலில் அந்த வயரை மாத்திப் பாருங்க.