9 அடி 8 அங்குலம்

சாவோ ஆட்கொல்லிச் சிங்கங்களைப் பற்றி பாட்டர்சன் எழுதிய புத்தகத்தைப் படித்து முடித்து நாலு நாள் ஆகிறது. மனசு இன்னும் அந்தக் கூடாரங்களுக்குள்ளேயே கிடக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கதை தெரியாதவர்களுக்காக: 1898. மொம்பாசா துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரிக்கு, இன்றைய கென்யா வழியாக, பிரிட்டிஷ்காரர்கள் ரயில் பாதை போடுகிறார்கள். உகாண்டா ரயில்வே என்று பெயர். நடுவில் சாவோ ஆற்றின் மேல் ஒரு பாலம் கட்ட வேண்டும், அதற்காக வந்தவர்தான் ஜான் ஹென்றி பாட்டர்சன். வேலை செய்ய இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, ஒப்பந்தத்தில் ஆள் எடுத்துக் கப்பலில் கொண்டுபோனார்கள். பாட்டர்சன் வந்து இறங்கிய கொஞ்ச நாளிலேயே பிடரி மயிர் இல்லாத இரண்டு ஆண் சிங்கங்கள் ராத்திரி கூடாரங்களில் புகுந்து ஆட்களை இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்தன. டிசம்பர் 9-ம் தேதி ஒன்றையும் 29-ம் தேதி இன்னொன்றையும் அவர் சுட்டுக் கொல்லும் வரைக்கும் அது நிற்கவில்லை. 1907-ல் அதைப் புத்தகமாக எழுதினார். காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

மனுஷனுக்கு எழுத வருகிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆட்டம் கண்ட பரண் ஒன்றில் இருட்டில் தனியாக உட்கார்ந்து, கீழே சிங்கம் தன்னையே சுற்றிச் சுற்றி வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். திடீரென்று பின்மண்டையில் ஏதோ அடிக்கிறது. உயிரே போய்விட்டது என்று நினைக்கிறார், பார்த்தால் ஓர் ஆந்தை. மரக்கிளை என்று நினைத்து அவர் மேல் உட்கார வந்திருக்கிறது. அந்த இடத்தில் எனக்கும் தூக்கிவாரிப் போட்டது. தைரியசாலி, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என்னை உலுக்கியது உங்கன் சிங் வரும் இடம். சீக்கியர், ஜமேதார், அதாவது வேலையாட்களுக்குத் தலைவர், நல்ல பலசாலி. கூடாரத்தில் ஐந்தாறு பேர் படுத்திருக்கிறார்கள், வாசலுக்குப் பக்கத்தில் இவர். நடு ராத்திரியில் சிங்கம் தலையை உள்ளே விட்டு இவர் கழுத்தைக் கவ்வுகிறது. இவர் "சோடோ!" என்று கத்துகிறார். விடு என்று அர்த்தம். கத்திக்கொண்டே இரண்டு கைகளாலும் சிங்கத்தின் கழுத்தைக் கட்டிப் பிடிக்கிறார். அடுத்த நொடி ஆள் இல்லை. பக்கத்தில் படுத்திருந்தவர் கண்ணால் பார்த்துச் சொன்னது இது. மறுநாள் பாட்டர்சன் தடம் பிடித்துப் போகிறார். உடம்பில் மிச்சமிருந்ததைச் சேர்த்துக் கல்லைக் குவித்து மூடுகிறார்கள். தலையை மட்டும் புதைக்கவில்லை. டாக்டர் முன்னால் அடையாளம் காட்ட வேண்டும் என்று முகாமுக்கு எடுத்துப் போகிறார்கள், கண் திறந்தபடியே இருந்ததாம்.

உங்கன் சிங்குக்குப் பெயராவது இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கூடாரத்திலிருந்து சிங்கம் இழுத்துப்போன தண்ணீர் சுமப்பவருக்கு அதுவும் இல்லை. கையில் அகப்பட்ட ஒரு கனமான பெட்டியைப் பிடித்துக்கொள்கிறார், பெட்டியும் சேர்ந்தே இழுபடுகிறது. கூடாரத்து ஓரத்தில் அது தட்டி நின்றதும் கைவிட்டுப்போய், அடுத்து கூடாரக் கயிற்றைப் பிடிக்கிறார். கயிறு அறுந்துவிடுகிறது. ஓர் ஆளின் கடைசி நிமிஷத்தை இவ்வளவு துல்லியமாக விசாரித்து எழுதியவருக்கு, அந்த ஆளின் பெயரைக் கேட்டு எழுதத் தோன்றவில்லை.

செத்த முதல் சிங்கத்துக்கோ எல்லாமே அளந்திருக்கிறது. மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை 9 அடி 8 அங்குலம், உயரம் 3 அடி 9 அங்குலம், முகாமுக்குத் தூக்கிவர எட்டு பேர் வேண்டியிருந்தது. செத்த மனிதர்கள்? இந்தியக் கூலிகள் 28 பேர், அது போக அந்தப் பகுதி ஆப்பிரிக்கர்கள் ஏராளம், அவர்களுக்கு அரசாங்கக் கணக்கு எதுவும் வைக்கப்படவில்லை என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார். பின்னாளில் அவரே மொத்தம் 135 என்றார். அந்த வரியை நாலைந்து தடவை படித்தேன். சொந்த மண்ணில், யாரோ போடும் ரயில் பாதை ஓரத்தில் செத்தவர்கள், எத்தனை பேர் என்றுகூட யாரும் எண்ணவில்லை.

நான் 16 வருஷமாகக் கட்டட வேலையில் சூப்பர்வைசர். காலையில் போனதும் ஆள் எண்ணி மஸ்டர் எழுதுவதுதான் முதல் வேலை. அதனால் இந்தப் புத்தகத்தில் மற்றவர்கள் தாண்டிப் போகும் ஓர் அத்தியாயம் எனக்கு நன்றாகப் புரிந்தது. கல் கொத்தர்கள் தகராறு. கூலியாளுக்கு மாதம் 12 ரூபாய், கொத்தருக்கு 45 ரூபாய். கரண்டியே பிடிக்காதவர்கள் பலர் கொத்தர் என்று சொல்லிக் கப்பல் ஏறியிருக்கிறார்கள். பாட்டர்சன் கண்டுபிடித்து, செய்த வேலைக்குத் தகுந்த சம்பளம் என்று மாற்றுகிறார். அவ்வளவுதான், அவரைக் கல்குவாரியில் வைத்துத் தீர்த்துக்கட்டி, உடம்பைக் காட்டில் போட்டுவிட்டு, சிங்கம் தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாம் எனத் திட்டம் போடுகிறார்கள். கொலை செய்யத் துணிந்ததை நான் நியாயப்படுத்தவில்லை. சித்தாள் கொத்தனார் என்று சொல்லிக்கொண்டு வருவது எங்கள் வேலையிலும் உண்டு, மட்டப்பலகை பிடிக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும், நானும் சம்பளத்தைக் குறைத்திருக்கிறேன். ஆனால் அவன் ஏன் பொய் சொன்னான் என்று எனக்குத் தெரியும். 12 ரூபாய்க்கும் 45 ரூபாய்க்கும் நடுவில் வீட்டுக் கடன் இருக்கும், தங்கை கல்யாணம் இருக்கும். பாட்டர்சனுக்கு அவர்கள் சோம்பேறிகள், போக்கிரிகள், அத்தோடு சரி.

அப்புறம் டிசம்பர் முதல் தேதி. ஆட்கள் கூட்டமாக வந்து அவரிடம் சொல்கிறார்கள்: நாங்கள் அரசாங்கத்துக்கு வேலை செய்யத்தான் ஒப்பந்தம் போட்டு இந்தியாவிலிருந்து வந்தோம், சிங்கத்துக்கோ பிசாசுக்கோ சாப்பாடாக வரவில்லை. மொத்தப் புத்தகத்திலும் எனக்குப் பிடித்த வாக்கியம் இதுதான். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை, அந்தப் பக்கம் வந்த ரயிலுக்கு முன்னால் தண்டவாளத்தில் விழுந்து படுத்து நிறுத்தி, மூட்டை முடிச்சோடு நூற்றுக்கணக்கானவர்கள் ஏறிப் போய்விட்டார்கள். மூன்று வாரம் வேலை நின்றது. மிச்சமிருந்தவர்கள் தண்ணீர்த் தொட்டி மேல், கூரை மேல், மரத்தில் கட்டில் கட்டி எல்லாம் படுத்தார்கள். ஒரு ராத்திரி ஒரே மரத்தில் அத்தனை பேர் ஏறி மரமே சாய்ந்துவிட்டது, சிங்கங்கள் பக்கத்திலேயே இருந்தபோது. ஏற்கெனவே ஒருவரைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்ததால் விழுந்தவர்களைக் கண்டுகொள்ளவில்லை. இந்த வேலைநிறுத்தத்தை அவர் பயந்துபோன கூட்டத்தின் ஓட்டமாகத்தான் எழுதுகிறார். எனக்கு அது ஒப்பந்தத்தை ஒழுங்காகப் படித்தவர்களின் பேச்சாகத் தெரிகிறது.

இன்னொரு கணக்கும் சொல்ல வேண்டும், இது அவர் புத்தகத்தில் இல்லாதது. அந்த ரயில் பாதை வேலைக்கு இந்தியாவிலிருந்து போனவர்கள் ஏறத்தாழ 32,000 பேர். செத்தவர்கள் 2,493. நோயாளியாகி, ஊனமாகித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் 6,454. சிங்கம் தின்ற இந்தியர்கள் அவர் சொல்கிறபடியே 28 என்று வைத்தாலும், மற்றவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது மலேரியா, வயிற்றுப்போக்கு, வேலையிடத்து விபத்து. இவர்களைப் பற்றிப் புத்தகம் எழுத யாரும் இல்லை. சிங்கத்தைச் சுட்டுக் காலருகில் போட்டுப் படம் எடுத்துக்கொள்ளலாம், வயிற்றுப்போக்கை என்ன செய்வது? சிங்கங்கள் ஆள் பக்கம் திரும்பியதற்கும் பின்னணி உண்டு. 1890-களில் மாட்டுக் கொள்ளைநோய் வந்து கால்நடைகளும் காட்டெருமைகளும் கொத்துக் கொத்தாகச் செத்தன. முதல் சிங்கத்துக்குக் கோரைப்பல் உடைந்து வேரில் சீழ் வைத்திருந்தது, வலியோடு அது வரிக்குதிரையை எப்படிச் சுலபமாகப் பிடிக்கும்?

அந்தப் பற்களைப் பற்றிக் கடைசியாக ஒன்று. இரண்டு தோல்களும் கால் நூற்றாண்டு பாட்டர்சன் வீட்டில் தரைவிரிப்பாகக் கிடந்தன. 1924-ல் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகம் 5,000 டாலர் கொடுத்து மண்டையோடுகளோடு வாங்கியது. 2009-ல் முடியையும் எலும்பையும் ஆராய்ந்து, இரண்டும் சேர்ந்து சுமார் 35 பேரைத் தின்றிருக்கலாம் என்று கணக்குப் போட்டார்கள். 2024-ல் உடைந்த பற்களின் குழிக்குள் இறுகிக் கிடந்த முடிகளை எடுத்து மரபணுச் சோதனை செய்தார்கள். ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை முடிகளுக்கு நடுவில் மனித முடியும் இருந்தது. அது யாருடையது என்று நமக்குத் தெரியாது. ஆனால் எந்த அதிகாரியும் பதிவேட்டில் எழுதாத ஆளின் முடிகூட அந்தப் பல்லில் 126 வருஷம் இருந்திருக்கலாம். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் சைட்டில் சில வருஷம் முன்னால் ஒரு பையன் சாரத்திலிருந்து விழுந்தான். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டார்கள். மஸ்டரில் நான் எழுதியிருந்தது "வடக்கு ஆள் 4". காலோடு போயிற்று, பிழைத்துவிட்டான். அன்றைக்கு அந்தக் கவுண்டரில் பதில் சொல்ல முடியாமல் நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை. அதற்கப்புறம் யார் வந்தாலும் முழுப் பெயர், அப்பா பெயர், ஊர், போலீஸ் ஸ்டேஷன், மாவட்டம், எல்லாம் எழுதிக்கொண்டுதான் வேலைக்கு விடுகிறேன்.

புத்தகத்தின் பின்னிணைப்பில் ஒரு பாட்டு இருக்கிறது. சிங்கங்கள் செத்த பிறகு, 1899 ஜனவரியில் வேலையாட்கள் பாட்டர்சனுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் பரிசு கொடுத்தார்கள், கூடவே ரோஷன் என்ற மிஸ்திரி இந்துஸ்தானியில் பாடிய நீளமான பாட்டு. நம் ஊரில் மேஸ்திரி என்கிறோமே, அதே வார்த்தைதான். அதில் துரையைப் புகழ்கிறார், மனசாரத்தான் புகழ்கிறார், அதை நாம் வேறு மாதிரி திரிக்க வேண்டியதில்லை. சிங்கம் சாக வேண்டும் என்று ரோஷனைவிட அதிகமாக விரும்பியவர் யார் இருக்க முடியும்? பாட்டின் முடிவில் தன் பெயர் ரோஷன் என்றும், ஊர் ஜீலம் மாவட்டத்தில் தோம்லி தாணாவை, அதாவது போலீஸ் ஸ்டேஷனைச் சேர்ந்தது என்றும், நடந்ததை நடந்தபடியே சொல்லியிருக்கிறேன் என்றும் எழுதி வைத்திருக்கிறார்.

யாரும் கேட்காமலே.