ஓடினால்தான் ஏறும்

பெரியவர்: ஏம்மா, நின்ற இடத்திலேயே நிற்கிறாயே! ஓடு. ஓடினால்தான் காத்தாடி ஏறும்.

செல்வி: இது ஓடாமலே ஏறும் அங்கிள். நீங்கள் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

பெரியவர்: நான் எங்கே குறுக்கே நிற்கிறேன்? நீ அலை ஓரம், நான் இங்கே எண்பது அடி தள்ளி.

செல்வி: நூலே எண்பது அடி. சாயங்காலம் காற்று கடலிலிருந்து வருகிறது. என் முதுகில் காற்று, எனக்கு எதிரே காத்தாடி, காத்தாடிக்குக் கீழே நீங்கள்.

பெரியவர்: சரி, சரி.

(ஓர் அடி நகர்கிறார். பெசன்ட் நகரில் தள்ளி நிற்பது என்றால் அவ்வளவுதான்.)

பெரியவர்: மாஞ்சா யார் போட்டது?

செல்வி: மாஞ்சாவே இல்லை. டைனீமா என்கிற வழுவழுப்பான செயற்கை இழை நூல். கண்ணாடித்தூள், வஜ்ஜிரப் பசை எதுவும் கிடையாது. ஆனாலும் இழுத்துப் பிடித்திருக்கும்போது தொட்டால் விரலைப் பதம் பார்க்கும். அதனால்தான் தள்ளி நிற்கச் சொன்னேன்.

பெரியவர்: அப்புறம் எப்படி டீல் போட்டு அடுத்தவன் நூலை அறுப்பாய்?

செல்வி: யாரோடு? இங்கே பறப்பது என் காத்தாடி ஒன்றுதான்.

பெரியவர்: அதைத்தான் கேட்கிறேன். மற்றதையெல்லாம் அறுத்துவிட்டாயா?

செல்வி: அங்கிள், இது ஸ்டண்ட் காத்தாடி. அறுப்பதற்கு இல்லை. பாருங்கள், இரண்டு நூல்.

பெரியவர்: ஒன்று அறுந்தால் இன்னொன்று. ஸ்டெப்னி மாதிரி.

செல்வி: இல்லை. வலது கையை இழுத்தால் வலப்பக்கம் திரும்பும், இடது கையை இழுத்தால் இடப்பக்கம். இரண்டையும் சமமாகப் பிடித்தால் நேராகப் போகும். நூல் இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும். கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் ஒரே பக்கமாக இழுக்கும்.

பெரியவர்: அதான் இப்படிச் சுற்றுகிறதா?

செல்வி: நான்தான் சுற்ற விடுகிறேன்.

பெரியவர்: போச்சு! நூல் முறுக்கிக்கொண்டது பார்.

செல்வி: வலப்பக்கம் மூன்று சுற்று. இடப்பக்கம் மூன்று சுற்றினால் பிரிந்துவிடும். வழுக்கும் நூல், முறுக்கு விழுந்தாலும் சொன்ன பேச்சு கேட்கும்.

பெரியவர்: திருப்பிச் சுற்றுவதற்கு எதற்குச் சுற்ற வேண்டும்?

செல்வி: நீங்கள் எதற்குத் திருவான்மியூர் வரை நடந்துபோய்த் திரும்பி வருகிறீர்கள்?

பெரியவர்: அது டாக்டர் சொன்னது. ராயபுரத்தில் மொட்டை மாடியிலிருந்து நான் போடாத டீலா! ஒரே இழுப்பு, எதிராளி காலி.

செல்வி: அறுந்த நூல் எங்கே போய் விழுந்தது?

பெரியவர்: அதை யார் பார்த்தது?

செல்வி: பைக்கில் வந்தவன் பார்த்திருப்பான். கழுத்தில் மாட்டிய பிறகு.

பெரியவர்: அதெல்லாம் இப்போது வருகிற சீன மாஞ்சா. எங்களுடையது சுத்தமான பருத்தி நூல்.

செல்வி: அதில் தடவியது கண்ணாடிதானே? எந்த ஊர் மாஞ்சா என்று கழுத்து விசாரிக்குமா?

பெரியவர்: ...

செல்வி: ...

பெரியவர்: சரி, நீ ஓடு.

செல்வி: நீங்களே ஓடிக் காட்டுங்கள். இந்தாருங்கள், இந்தப் பட்டையில் கையை நுழைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலிப் பக்கம் நின்று பிடியுங்கள். லாரி ஸ்டீயரிங் திருப்புவதுபோல் கையைத் தூக்காதீர்கள். இழுங்கள், போதும். கிளப்பும்போது மட்டும் பின்னால் ஓரடி வையுங்கள்.

பெரியவர்: எனக்குச் சொல்லித் தருகிறாயா?

(முன்னால் நாலு எட்டு ஓடுகிறார். நூல் இரண்டும் தொய்கின்றன. காத்தாடி மூக்கு குத்தி மணலில் இறங்குகிறது.)

பெரியவர்: காற்று செத்துவிட்டது.

செல்வி: காற்று அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் காத்தாடியைப் பார்த்து ஓடினால் நூல் தொய்யாமல் என்ன செய்யும்?

பெரியவர்: சட்டம் உடைந்துவிட்டதா?

செல்வி: ஃபைபர் கிளாஸ், வளைந்து கொடுக்கும். பழகுகிறவர்கள் எப்படியும் குத்துவார்கள் என்றுதான் இதை வாங்கினேன்.

பெரியவர்: சரி, பின்னால் ஓடுகிறேன்.

செல்வி: ஓட வேண்டாம் அங்கிள், ஓரடி.

பெரியவர்: ஓரடியில் எந்தக் காத்தாடி... ஐயோ, செருப்பு! என் செருப்பு!

செல்வி: செருப்பு வரும் அங்கிள், அடுத்த அலையில். பட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.