‘கரண்ட் போச்சு, கார்டும் போச்சு’ என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

ஜூன் பிறந்துவிட்டால் போதும். கூடலூர், பந்தலூர் பக்கம் காற்றோடு சேர்ந்து மழை இறங்கும். எங்கோ ஒரு கற்பூர மரம் லைன்மேல் சாயும். கரண்ட் போகும், வரும், வந்த வேகத்தில் திரும்பப் போகும். மறுநாள் காலையில் தேயிலை ஃபேக்டரியில் ஆரம்பித்து ஹோம்ஸ்டே வரைக்கும் ஒரே பல்லவி: “பை ஆன் ஆகல. கரண்ட் போச்சு, கார்டும் போச்சு.” அக்டோபரில் அதே பல்லவி குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஏறிவிடும். மழையில் நின்றால் நனைவோம் என்பதுபோல, அதை ஒரு இயற்கை விதியாகவே சொல்கிறார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

இது விதி இல்லை. ராஸ்பெரி பை (சுருக்கமாக பை), ஆரஞ்சு பை மாதிரி உள்ளங்கை அகல ஏ.ஆர்.எம். சிப் வைத்த குட்டிக் கம்ப்யூட்டர் போர்டும், அதில் ஓடும் லினக்ஸும் இந்த மலையின் கரண்டைத் தாங்கும். தாங்காதபடி மாட்டிவிட்டுப் போகிறார்கள். இலை வாட்டும் இடத்தின் ஈரப்பதத்தைக் கணக்கெடுக்கும் பெட்டி, தலைகுந்தா பக்கம் கேரட் தோட்டத்தில் உறைபனி விழும் ராத்திரி எச்சரிக்கை கொடுக்க வேண்டிய பெட்டி, ஹோம்ஸ்டே வாசல் கேமராவைப் பதிவுசெய்யும் பெட்டி எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான்: மெமரி கார்டில் லினக்ஸ் இமேஜை எழுது, கையில் கிடைத்த போன் சார்ஜரில் செருகு, “ஓடுது பாருங்க” என்று காட்டு, காசை வாங்கு, கிளம்பு.

முதல் குற்றவாளி அந்தச் சார்ஜர். பை 4-க்கு வேண்டியது 5.1 வோல்ட், 3 ஆம்பியர். பை 5-க்கு 5.1 வோல்ட், 5 ஆம்பியர். அந்த 0.1 சும்மா போட்ட எண் இல்லை, கேபிளில் விழும் வோல்ட்டை ஈடுகட்டப் போட்டது. போனுக்குள் பேட்டரி இருக்கிறது, வோல்ட் இறங்கினால் மெதுவாகச் சார்ஜ் ஆகும், அவ்வளவுதான். பைக்குள் பேட்டரி ஏது? கணக்கைப் பாருங்கள். மெலிந்த சார்ஜர் கேபிளில் இருக்கும் 28 கேஜ் கம்பிக்கு மீட்டருக்கு 0.21 ஓம் தடை. ஒரு மீட்டர் கேபிளில் மின்சாரம் போய்த் திரும்ப இரண்டு மீட்டர், ஆக 0.42 ஓமுக்கு மேல். போர்டு 1.5 ஆம்பியர் இழுத்தால் 0.6 வோல்ட்டுக்கு மேல் கேபிளிலேயே கரைந்துபோகிறது. 5.1-ல் கிளம்பியது போர்டைத் தொடும்போது 4.5-க்கும் கீழே. வோல்ட் போதவில்லை என்று பை கொடி காட்டுவது சுமார் 4.63-ல். அதாவது கரண்ட் ஒழுங்காக இருக்கும் நாளிலேயே பெட்டி மூச்சுத்திணறிக்கொண்டுதான் ஓடுகிறது. அதே நீளத்துக்கு 20 கேஜ் கம்பி (கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிக்கும்) போட்டால் இழப்பு வெறும் 0.1 வோல்ட்.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். ராஸ்பெரி பையின் டெர்மினலில் ‘விசிஜென்கமாண்ட் கெட் த்ராட்டில்டு’ (vcgencmd get_throttled) என்று ஒரு கட்டளை. 0x0 வந்தால் சுத்தம். 0x50000 வந்தால், கடைசியாக ஆன் ஆனதிலிருந்து எப்போதோ வோல்ட் விழுந்து வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது. 0x50005 என்றால் இந்த நொடியும் விழுந்துகொண்டே இருக்கிறது. ஒரு வரி! மாட்டிவிட்டுப் போகும் முன் இந்த ஒரு வரியை அடித்துப் பார்க்க என்ன கேடு?

அடுத்து கார்டு. “நான் எதுவும் சேவ் பண்ணல, சும்மாதான் ஓடிட்டு இருந்தது, எப்படிப் போகும்?” என்று கேட்பார்கள். சும்மா ஓடும் லினக்ஸ் சும்மா இருப்பதில்லை. நடந்ததையெல்லாம் லாக் எழுதும், ராம் போதாதபோது ஸ்வாப் எழுதும், சென்சார் நிரல் பத்து நொடிக்கு ஒருமுறை ஒரு வரி எழுதும். கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் அந்த ஒரு வரிக்காக ஒரு பெரிய பிளாக்கையே இடம் மாற்றி எழுத வேண்டியிருக்கும். எது எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தையும் அதுவே வைத்துக்கொள்கிறது. அந்த நொடியில் கரண்ட் போனால், எழுதிக்கொண்டிருந்த ஃபைல் மட்டும் போவதில்லை. அந்தப் பக்கமே போகாத ஒரு சிஸ்டம் ஃபைலும் சேர்ந்து போகலாம். லினக்ஸ் ஃபைல்களை அடுக்கும் முறையான ஈ.எக்ஸ்.டி.4-இன் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவேடு) தன் கணக்கைக் காப்பாற்றும், கார்டின் உள்வரைபடத்தை அதனால் காப்பாற்ற முடியாது. இதைப் புரிந்துகொள்ளாமல் ‘லினக்ஸ் வீக்’ என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

சாகப்போகும் கார்டு சொல்லிவிட்டுத்தான் சாகும். லினக்ஸின் உள்செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) கட்டளையில், கார்டைக் குறிக்கும் எம்.எம்.சி. 0 வரியில் மைனஸ் 110 என்று பிழை வந்தால், கார்டு நேரத்துக்குப் பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். இன்னொரு விதமும் உண்டு: மாற்றியதெல்லாம் மாறியதுபோலவே காட்டும், ரீபூட் செய்தால் பழையபடி நிற்கும். அந்தக் கார்டு எழுதுவதை நிறுத்திவிட்டது. ஃபார்மட் செய்து திரும்பப் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், குப்பையில் போடுங்கள். தரவு முக்கியம் என்றால் முதலில் டிடி-ரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவியால் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்து, அந்த நகல்மேல் மட்டும் ஃபைல் சிஸ்டத்தைப் பழுதுபார்க்கும் எஃப்.எஸ்.சி.கே. ஓட்டுங்கள். நோயாளிக் கார்டின் மேலேயே ஓட்டி மிச்சத்தையும் அழிக்கும் அவசரக்காரர்களை என்ன சொல்வது? புதுக் கார்டையும் நம்பிவிடாதீர்கள். 64 ஜிபி என்று அச்சடித்த 8 ஜிபி கார்டுகள் சந்தையில் உண்டு. எஃப்3 என்ற இலவசக் கருவியால் முழுக்க எழுதி, முழுக்க வாசித்துப் பார்த்த பிறகே மாட்ட வேண்டும். கேமராவுக்கென்று விற்கும் ‘ஹை எண்ட்யூரன்ஸ்’ வகை வாங்குங்கள்.

கார்டு உயிரோடிருக்க ஒரே உறுதியான வழி, அதில் எழுதாமல் இருப்பது. பையின் அமைப்புகளை மாற்றும் ராஸ்பி-கான்ஃபிக்கில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குள் ‘ஓவர்லே ஃபைல் சிஸ்டம்’ இருக்கிறது. அதை ஆன் செய்து பூட் பகுதியையும் பூட்டிவிட்டால், எழுதுவதெல்லாம் ராமுக்குப் போகும். கார்டு வெறும் வாசிப்புக்கு மட்டும். கரண்ட் நூறு முறை போகட்டும். சென்சார் அளவுகளை வெளியே ஒரு சர்வருக்கு அனுப்புங்கள், இல்லையென்றால் தனியாக ஒரு யு.எஸ்.பி. எஸ்.எஸ்.டி.யில் எழுதுங்கள். ஓவர்லே வேண்டாம் என்றால், லாக் எழுதும் நிரலான ஜர்னல்-டி அமைப்பில் ஸ்டோரேஜை ‘வாலட்டைல்’ (ராமில் மட்டும்) என்று மாற்றி, 16 எம்பி வரம்பு போட்டு, ஸ்வாப்பையும் நிறுத்துங்கள். இது அரை வைத்தியம்தான். ரீபூட்டுக்கு முன் என்ன நடந்தது என்ற தடயமும் போய்விடும், தெரிந்து செய்யுங்கள்.

ஆனால் ஓவர்லே போட்டவுடன் ஒரு புதுச் சிக்கல் முளைக்கும். அதை யாரும் சொல்வதே இல்லை. பை 4 வரைக்கும் போர்டில் கடிகாரமே கிடையாது. ஃபேக் எச்.டபிள்யு. கிளாக் என்ற சின்ன நிரல் நேரத்தை ஒரு ஃபைலில் குறித்து வைத்து, அடுத்த முறை அங்கிருந்து தொடங்கும். ஓவர்லேயில் அந்தக் குறிப்பும் ராமோடு போய்விடுமே! ஒவ்வொரு முறை கரண்ட் வரும்போதும் பெட்டி, ஓவர்லே போட்ட நாளுக்கே திரும்பிப் போய் நிற்கும். அதற்குப் பிறகு வாங்கிய டி.எல்.எஸ். சான்றிதழ் (சர்வரின் அடையாளச் சீட்டு) ‘இன்னும் அமலுக்கு வரவில்லை’ என்று தள்ளப்படும். மென்பொருள் நிறுவும் ஏ.பி.டி.யின் அப்டேட்டும் அதே காரணம் சொல்லி மறுக்கும். தூரத்துப் பெட்டியோடு பூட்டிய தனிவழி போடும் வயர்கார்டு (வி.பி.என்.) இதைவிட மோசம். கைகுலுக்கலில் நேரமுத்திரை இருக்கிறது, முன்பு பார்த்ததைவிடப் பழைய நேரத்தோடு வந்தால் எதிர்முனை சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. நேரம் சொல்லும் சர்வரையும் அந்த வயர்கார்டு வழியாகவே அடையும்படி வைத்திருந்தால் அது திரும்ப வரவே வராது. உடனே “சிக்னல் சரியில்லை” என்று டவரைத் திட்டுவார்கள்.

தீர்வு ஒரு டி.எஸ்.3231 கடிகாரத் துண்டு. 1-ஆம் பின்னில் 3.3 வோல்ட், 3-இல் எஸ்.டி.ஏ., 5-இல் எஸ்.சி.எல்., 9-இல் கிரவுண்ட். ராஸ்பி-கான்ஃபிக்கில் ஐ2சி-யை (துண்டோடு பேசும் இரண்டு கம்பி வழி) ஆன் செய்து, கான்ஃபிக் ஃபைலில் ஐ2சி-ஆர்.டி.சி. ஓவர்லே வரியைச் சேருங்கள் (பெயர்தான் ஓவர்லே, மேலே சொன்னது வேறு). ஃபேக் கடிகாரத்தை நீக்கிவிட்டு, சரியான நேரத்தை ஒருமுறை எழுதுங்கள். இதையெல்லாம் முடித்த பிறகு ஃபைல் சிஸ்டம் ஓவர்லேயைப் போடுங்கள். நீல நிற மலிவுத் துண்டுகளில் ரீசார்ஜ் ஆகும் பேட்டரிக்கான சார்ஜிங் வழி இருக்கும். அதில் சாதாரண சி.ஆர்.2032 போட்டு 5 வோல்ட் கொடுத்தால் பேட்டரி உப்பலாம். பை 5-இல் கடிகாரம் உள்ளேயே இருக்கிறது, பேட்டரி மட்டும் தனியாக மாட்ட வேண்டும். அதைக்கூட மாட்டாமல் விடுகிறார்கள்.

ஈரம் பற்றி இரண்டே வார்த்தை. மூடுபனி பெட்டிக்குள் புகுந்து ராத்திரியில் நீராகக் கோக்கும், பின்கள் பச்சை பூக்கும். கேபிள் நுழையும் துளை பெட்டியின் அடிப்பக்கம் இருக்கட்டும், நுழையும் முன் கேபிள் ஒரு வளைவு தாழ்ந்து ஏறட்டும். மேல்பக்கம் துளை போட்டு சிலிகான் பூசிய பெட்டிகளைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கிறது.

இவ்வளவு அலட்சியமாகக் கரண்டைக் கொடுத்த கை, பூட்டை மட்டும் ஒழுங்காகப் போட்டிருக்குமா? பை என்ற பயனர், ராஸ்பெரி என்ற பாஸ்வேர்டு. ராஸ்பெரி பை ஓ.எஸ். 2022 ஏப்ரலிலேயே இந்த ஜோடியை நீக்கிவிட்டது. தூரத்திலிருந்து டெர்மினலுக்குள் நுழையும் வழியான எஸ்.எஸ்.எச்.-ஐ 2016 நவம்பரிலேயே இயல்பாக அணைத்து வைத்தது. அப்படியும் எங்கோ பத்திரப்படுத்திய பழைய இமேஜை எடுத்து எழுதி, ரவுட்டரில் எஸ்.எஸ்.எச்.-இன் கதவான 22-ஆம் போர்ட்டைத் திறந்து விட்டுவிடுகிறார்கள், ‘தூரத்திலிருந்து சர்வீஸ் பண்ண’ என்று. 2017-இல் லினக்ஸ்.மல்ட்ராப்.14 என்ற நச்சுநிரல் சரியாக இந்தக் கதவு வழியாகத்தான் பைகளுக்குள் நுழைந்தது. நுழைந்ததும் பாஸ்வேர்டை மாற்றியது, கிரிப்டோ காசு தோண்டியது, அடுத்த திறந்த கதவைத் தேடியது. 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல் செய்ததும் தொழிற்சாலை பாஸ்வேர்டுகளை வரிசையாக அடித்துப் பார்த்ததுதான். “நம்ம ஹோம்ஸ்டேயை யாரு சார் ஹேக் பண்ணப்போறா?” ஆளே வர வேண்டாம். நிரல் இணையம் முழுவதையும் சலித்துக்கொண்டிருக்கிறது, அதற்கு ஊட்டியும் ஒன்றுதான், உலகத்தின் எந்த மூலையும் ஒன்றுதான்.

ரவுட்டரில் போர்ட் திறக்கவே கூடாது. வெளியிலிருந்து வர வேண்டுமென்றால் வயர்கார்டு. சிம் போட்ட ரவுட்டரில் உள்வரும் இணைப்பு பெரும்பாலும் வராது, அதனால் வெளியே வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் வைத்து, பை அதை அழைக்கும்படி அமைத்து, இணைப்பு அறாமல் காக்கும் கீப்-அலைவ் 25 நொடி என்று போடுங்கள். எஸ்.எஸ்.எச்.-க்குப் பாஸ்வேர்டுக்குப் பதில் ஈ.டி.25519 வகைச் சாவி ஃபைல். சாவி வேலை செய்கிறதா என்று இன்னொரு ஜன்னலில் நுழைந்து பார்த்த பிறகுதான் பாஸ்வேர்டு நுழைவை மூட வேண்டும். பழைய ஜன்னலை அதுவரை மூடாதீர்கள். மூடிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கிறவர்களுக்கு ஒரு அதிர்ச்சி: எஸ்.எஸ்.எச். அமைப்பில் முதலில் கண்ணில் படும் வரிதான் செல்லும். பிரதான ஃபைலின் மேற்பகுதியிலேயே துணை அடைவில் இருப்பவை சேர்க்கப்படுகின்றன. உபுண்டு இமேஜில் முதல் பூட்டில் அமைப்புகளைப் போடும் கிளவுட்-இனிட் அங்கே ‘பாஸ்வேர்டு சரி’ என்று ஒரு ஃபைல் வைத்திருக்கலாம். கீழே நீங்கள் ‘கூடாது’ என்று எழுதியது வீண். அதனால் எழுதியதை நம்பாமல், எஸ்.எஸ்.எச்.டி. நிரலை பெரிய டி கொடியோடு (sshd -T) ஓட்டி, உண்மையில் எது அமலில் இருக்கிறது என்று பாருங்கள்.

யு.எஃப்.டபிள்யு. ஃபயர்வால் போட்டுவிட்டோம் என்பவர்களுக்கும் இதே அதிர்ச்சி உண்டு. நிரல்களைத் தனித்தனிப் பொட்டலமாக ஓட்டும் டாக்கரில் போர்ட் திறந்தால் அது தன் விதிகளைத் தானே செருகிக்கொள்ளும், யு.எஃப்.டபிள்யு.-வின் தடை அதற்குக் குறுக்கே வராது. போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 (இந்தப் பெட்டிக்குள் மட்டும்) என்று எழுதிக் கட்டிப்போடுங்கள். சென்சார் செய்திகளை வாங்கிப் பகிரும் மஸ்கிட்டோ சர்வர் 2.0 பதிப்பிலிருந்து இயல்பாக உள்ளே மட்டும்தான் கேட்கும். எழுதினவர்கள் யோசித்துச் செய்த பாதுகாப்பு அது. ‘வேலை செய்யல’ என்றதும் யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற வரியை எங்கிருந்தோ எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். ஒரு பயனர், ஒரு பாஸ்வேர்டு உருவாக்க இரண்டு நிமிடம் ஆகாது.

அப்டேட்டிலும் ஏமாற வேண்டாம். தானியங்கி அப்டேட் நிரலை நிறுவினால் மட்டும் போதாது. அதன் இயல்பு அமைப்பில், பை ஓ.எஸ்.-க்கு அடிப்படையான டெபியன் லினக்ஸின் மென்பொருள் களஞ்சியம்தான் இருக்கும். பையின் கர்னலும் ஃபர்ம்வேரும் வருவது வேறு களஞ்சியத்திலிருந்து, அதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். ஓவர்லே போட்ட பெட்டியில் தானியங்கி அப்டேட் ரீபூட்டோடு மறைந்துவிடும். எனவே மாதம் ஒருமுறை ஓவர்லேயை அணை, ரீபூட், அப்டேட், மறுபடி ஓவர்லே. டெபியன் 10 பஸ்டரின் நீண்டகால ஆதரவு 2024 ஜூனில் முடிந்துவிட்டது, அதை இன்னும் ஓட்டுகிறவர்கள் புதிதாக எழுத வேண்டியதுதான். விலை குறைவென்று வேறு போர்டு வாங்கினால், தயாரிப்பாளர் தரும் பழைய கர்னல் இமேஜைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். ஆல்வின்னர் சிப்பின் 3.4 கர்னலில், ஒரு சொல்லை ஒரு ஃபைலில் எழுதினாலே எந்த நிரலும் ரூட் (முழு அதிகாரம் உள்ள பயனர்) ஆகிவிடும் ஓட்டை இருந்தது 2016-இல் வெளியே வந்தது. இத்தகைய போர்டுகளுக்கான லினக்ஸான ஆர்ம்பியன் கிடைத்தால் அதைப் போடுங்கள், இறக்கியதும் ஃபைல் மாறவில்லை என்று காட்டும் ஷா கூட்டுத்தொகையைச் சரிபாருங்கள்.

பெட்டி மாட்டித் தருகிறவருக்குக் காசு கொடுக்கும் முன் அவர் கண்முன்னாலேயே ஓவர்லே ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஸ்விட்சை அணையுங்கள், போடுங்கள், மறுபடி அணையுங்கள், பத்து முறை. பத்தாவது முறையும் பெட்டி தானாக எழுந்து, நேரம் சரியாகக் காட்டி, சென்சார் அளவு போய்ச் சேர்ந்து, த்ராட்டில்டு 0x0 என்று வந்தால் காசு கொடுங்கள். “அப்படியெல்லாம் அணைக்கக் கூடாது சார், கெட்டுப்போயிடும்” என்று அவர் கையைப் பிடித்தால், பெட்டியை அவரிடமே திருப்பிக் கொடுத்து அனுப்புங்கள்.